அந்தத் தாளை வாசித்தது யார்?

கேள்வி: என் கணவர் ஸ்காபரோவில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்தவர். முதுகெலும்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் வேலைக்குப் போக முடியவில்லை. வேலைத்தலக் காப்புறுதியிலிருந்து மாதம் 2,300 டொலர் வந்தது. அவர்களே கேட்டதால் கனடா ஓய்வூதியத் திட்டத்தின் இயலாமைக் கொடுப்பனவுக்கும் விண்ணப்பித்தோம். 14 மாத நிலுவையாக 16,100 டொலர் கிடைத்தது. ஊரில் கணவரின் தம்பி வீடு கட்ட ஒரு பகுதியை அனுப்பி, மீதியில் கடன் அட்டைகளை அடைத்தோம். இப்போது காப்புறுதி நிறுவனம் முழுத்தொகையையும் திருப்பிக் கேட்கிறது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள்தான் ஆங்கிலக் கடிதங்களை வாசித்துச் சொல்வாள். எங்கே கையெழுத்து வைப்பது என்றும் அவளே காட்டினாள். அரசு தந்த பணத்தைத் தனியார் கேட்பது நியாயமா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் பணத்தைப் பற்றிப் பல வரிகள் இருக்கின்றன, மகளைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. நான் அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். உங்கள் குடும்பத்தின் வருமானத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தைப் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்து, அவள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். இன்று 16,100 டொலர் கடன் என்று வந்திருக்கும் கடிதத்தையும் அவள்தானே உங்களுக்கு வாசித்துச் சொல்லியிருப்பாள்? அப்போது அவள் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நீங்கள் இருவரும் ஒருமுறையாவது யோசித்தீர்களா?

அவள் கையெழுத்து வைக்கச் சொன்ன தாள்களில் ஒன்று, அரசுக் கொடுப்பனவு கிடைத்தால் அதற்கு நிகரான தொகையைத் திருப்பித் தருகிறோம் என்னும் ஒப்புதலாகத்தான் இருக்க வேண்டும். கனடாவில் வேலைத்தல நீண்டகால இயலாமைக் காப்புறுதிகள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படுகின்றன. இழந்த சம்பளத்தில் ஒரு பங்கைத் தருவதாகத்தான் அவை வாக்களிக்கின்றன. அந்தப் பங்கில் அரசு எவ்வளவு தருகிறதோ அவ்வளவைத் தங்கள் பங்கிலிருந்து குறைத்துக்கொள்கின்றன. கட்டுப்பணமும் அந்தக் கழிவைக் கணக்கில் எடுத்தே நிர்ணயிக்கப்படுகிறது. 16,100 டொலரை 14 மாதங்களுக்குப் பிரித்தால் அரசு தந்தது மாதம் 1,150 டொலர், அப்படியானால் 2,300 டொலரில் நிறுவனம் தரவேண்டியது மீதி 1,150 டொலர் மட்டுமே. ஆனால் அரசின் முடிவு வரும்வரை அவர்கள் மாதாமாதம் 2,300 டொலரை முழுமையாகத் தந்துவிட்டார்கள். நிலுவைப் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்த நாளிலேயே அதன் பெரும்பகுதி உங்களுடையதாக இருக்கவில்லை. அநியாயம் என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. தம்பிக்கு உதவியதையும் குறை சொல்லமாட்டேன், அது கடமை. ஆனால் ஒப்பந்தத்தை விளங்கிக்கொள்ளாமல் செய்த கடமைக்கு இப்போது உங்கள் வீடு விலை கொடுக்கிறது.

விண்ணப்பித்ததே தவறு என்றும் நினைக்காதீர்கள். விண்ணப்பிக்க மறுத்தால், கிடைத்திருக்கக்கூடிய தொகையை மதிப்பிட்டுக் கழித்துவிடும் உரிமை பல காப்புறுதிகளில் உண்டு. பொதுவாக 24 மாதங்கள் கழிந்ததும், தன் பழைய வேலையைச் செய்ய முடியாதவர் என்ற அளவுகோல் மாறி, எந்த வேலைக்கும் தகுதியற்றவரா என்ற கேள்வி எழும். அப்போது தனியார் பணம் நின்றுபோனாலும் அரசுக் கொடுப்பனவு தன் சொந்த விதிகளின்படி தொடரலாம். அது ஒவ்வொரு ஜனவரியிலும் விலைவாசிக்கேற்ப உயரும், அந்த உயர்வைக் கழிக்காத காப்புறுதிகளும் பல. இயலாமையில் கழிந்த மாதங்கள் கணவரின் முதுமை ஓய்வூதியக் கணக்கைக் குறைக்காமலும் அது காக்கும்.

இனிச் செய்ய வேண்டியதை நீங்களும் கணவரும் செய்யுங்கள், மகளை இதற்குள் இழுக்காதீர்கள். அவருக்கு முதுகில்தான் வலி, கடிதம் விளங்கும் அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். காப்புறுதி ஒப்பந்தத்தின் முழுப் பிரதியையும், மாதவாரியான கணக்கையும் எழுத்தில் கேளுங்கள். இரண்டு பணமும் ஒன்றாக வந்த மாதங்களுக்கு மட்டுமே அவர்கள் கேட்க முடியும். காப்புறுதிப் பணம் தொடங்குவதற்கு முந்திய மாதங்கள் நிலுவைக்குள் இருந்தால் அவை உங்களுடையவை. ஒரே தடவையில் கட்ட முடியாது என்பதை வரவுசெலவுக் கணக்கோடு எழுதி, மாதாமாதம் ஒரு சிறு தொகையாகக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். பேசாமல் இருந்தால் கடன் தீரும்வரை மாதப் பணம் முழுவதையும் நிறுத்திவைக்கக்கூடும். நிலுவைக்கு வரியும் உண்டு என்பதால், எந்தத் தொகை எந்த ஆண்டுக்கு உரியது என்ற அரசுக் கடிதத்தையும், நீங்கள் திருப்பிக் கட்டிய தொகைக்கான நிறுவனத்தின் கடிதத்தையும் வரிக்கணக்குப் பார்ப்பவரிடம் கொடுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு ஒன்ராறியோவின் சமூக சட்ட உதவி நிலையங்கள் இத்தகைய விடயங்களில் கட்டணமின்றி ஆலோசனை தருகின்றன. பிள்ளையிடம் வாசிக்கக் கொடுத்த அந்தத் தாளை முதலிலேயே அங்கு கொண்டுபோயிருக்க வேண்டும்.

இன்னொன்று. இயலாமைக் கொடுப்பனவு பெறுபவரின் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஓய்வூதியத் திட்டம் தனியாக ஒரு தொகை தருகிறது. 2025ஆம் ஆண்டில் அது மாதம் 301.77 டொலர். அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. விண்ணப்பிக்கவில்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள், பின்னோக்கிக் கிடைக்கும் மாதங்களுக்கு எல்லை உண்டு. பல காப்புறுதிகள் பிள்ளைக்குரிய தொகையைக் கழிப்பதில்லை, சில கழிக்கும். உங்களுடையது எந்த வகை என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தை மொழிபெயர்ப்பாளரை வைத்து வாசியுங்கள். அந்தப் பணம் கிடைத்தால் அவளுடைய படிப்புக்கென்று தனிக்கணக்கில் போடுங்கள், காப்புறுதிக் கடனுக்கோ ஊருக்கோ அதிலிருந்து ஒரு சதமும் எடுக்காதீர்கள்.