வெளிநாட்டில் நீங்கள் பார்த்து அசந்துபோன உழைப்பாளிகள் யார்?

நேபாளத்தில் எவரெஸ்ட் பக்கம் சுமை தூக்கும் போர்ட்டர்கள்தான். யோசிக்கவே வேண்டியதில்லை.

எவரெஸ்ட் பக்கம் நடக்கிறவர்கள் கிளம்புகிற மலையூரான லுக்லா வரை விமானம். அதற்கு மேலே வண்டி போகிற சாலை கிடையாது. அதே பாதையில் மேலே இருக்கிற சந்தை ஊரான நாம்சே பஜாரில் லாட்ஜ் கட்டுகிற பிளைவுட், தகரம், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, சாயங்காலம் நாம் ஒய்யாரமாக உட்கார்ந்து குடிக்கிற பீர் எல்லாம் கோவேறு கழுதை முதுகிலோ மனுஷன் முதுகிலோதான் ஏறியாக வேண்டும் (ஹெலிகாப்டரும் உண்டு, காசிருந்தால்). லுக்லா 2,860 மீட்டர் உயரம், நாம்சே 3,440 மீட்டர். அறுநூறு மீட்டர்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் பாதை நடுவில் ஆற்றங்கரை வரை இறங்கி, தொங்குபாலங்களில் இங்கும் அங்குமாகக் கடந்து, கடைசிப் பாலத்துக்கு அப்புறம் விடாமல் ஏறுகிறது. ஒரு சின்னப் பை மாட்டியிருந்த எனக்கே நாக்குத் தள்ளியது.

அந்த ஏற்றத்தில் எனக்கு முன்னால் ஒருவர் பிளைவுட் பலகைகளை அடுக்கிக் கட்டிச் சுமந்துபோனார். பலகை அவரைவிட அகலம், அதனால் வளைவு வந்தால் ஒருக்களித்துத்தான் திரும்ப முடியும். பாரம் தோளில் இல்லை. சுமைக்கு அடியிலிருந்து வரும் நாம்லோ என்ற பட்டையை உச்சந்தலையில் மாட்டிக்கொள்கிறார்கள், மொத்த எடையையும் கழுத்து தாங்குகிறது. பட்டை அழுந்தும் இடத்தில் அவருக்கு முடி தேய்ந்து போயிருந்தது. கையில் தோக்மா என்கிற குட்டைக் கம்பு, தலைப்பக்கம் குறுக்குக் கட்டை வைத்தது. பத்தடி நடப்பார், நிற்பார், கம்பைப் பின்னால் கொண்டுபோய் சுமைக்கு முட்டுக் கொடுத்து, இறக்காமலே நின்றபடி உதட்டைக் குவித்து விசில் மாதிரி மூச்சு விடுவார், மறுபடி பத்தடி. தரையில் இறக்கினால் திரும்ப ஏற்றுவது பெரும்பாடு. கொஞ்சம் கீழே இருக்கிற மலைக் கிராமங்களில் அரசமரம், ஆலமரத்தடியில் இதற்கென்றே கல்மேடை கட்டியிருக்கிறார்கள், நம்மூர் சுமைதாங்கிக் கல்லுக்கு என்ன வேலையோ அதே வேலைதான்.

இவர்களை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2005இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வின்படி, நாம்சே சந்தைக்குச் சரக்குக் கொண்டுவரும் ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதமும் பெண்கள் 66 சதவீதமும் சுமக்கிறார்கள். அதிகபட்சம் 183 சதவீதம், அதாவது 50 கிலோ ஆள் 90 கிலோவுக்கு மேல்! இதில் ரகசியம் என்று தனியாக எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. அவசரப்படாமல் நடக்கிறார்கள், அடிக்கடி நிற்கிறார்கள், இப்படியே நாள் முழுக்கப் போகிறார்கள். வீராவேசமாக அவர்களை முந்திப்போன டிரெக்கிங் கோஷ்டிகள் அடுத்த டீக்கடையில் நாற்காலியில் சரிந்து கிடக்கும்போது இவர்கள் பாட்டுக்கு மெல்லத் தாண்டிப் போவார்கள்.

"அவங்களுக்கு அதெல்லாம் பழகிப்போச்சு சார்" என்று நம் ஆட்கள் சொல்வதைக் கேட்டால்தான் எனக்கு எரிச்சல் வரும். சுமப்பவர்களில் பெரும்பாலோர் அந்த உயரத்தில் பிறந்து வளர்ந்த ஷெர்பாக்கள் இல்லை, கீழே உள்ள மலைகளிலிருந்து பிழைக்க வருகிற ராய், தமாங் போன்ற இனத்தவர். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வருகிற உயர நோய் நம்மைத் தாக்குகிற மாதிரியே அவர்களையும் தாக்கும், சாவும் நடந்திருக்கிறது. டிரெக்கிங் போர்ட்டருக்காவது 30 கிலோவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரம்பு பேசப்படுகிறது. கடைச்சரக்கு சுமப்பவருக்குக் கூலியே கிலோ கணக்கில்தான், ஆகவே தன் முதுகில் தானே ஏற்றிக்கொள்கிறார். இதை "மன உறுதி" என்று மட்டும் புகழ எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

சரி, ஒரு கணக்கு. 1953இல் ஹிலாரியும் டென்சிங்கும் உச்சி தொட்டார்களே, அந்தப் பயணத்துக்கு மூட்டை சுமந்த போர்ட்டர்கள் 362 பேர். அப்போது லுக்லாவில் விமானதளமே கிடையாது, காத்மாண்டு பள்ளத்தாக்கிலிருந்தே நடை.

நீங்கள் அந்தப் பக்கம் போனால், போர்ட்டருக்கு இன்ஷூரன்ஸ், குளிருக்குத் துணி, தங்க இடம் எல்லாம் உண்டா என்று ஏஜென்சியிடம் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். மழுப்பினால் வேறு ஏஜென்சி பாருங்கள். டிப்ஸை வழிகாட்டியிடம் மொத்தமாகக் கொடுக்காமல் சுமந்தவர் கையிலேயே கொடுங்கள். எதிரே சுமையோடு யாராவது வந்தால் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலையோரமாக ஒதுங்கி நில்லுங்கள். குனிந்த தலையோடு வருகிறவருக்கு நீங்கள் நிற்பது கடைசி நேரத்தில்தான் தெரியும்.