பின்னால் இடித்த காரும் பிடித்துக்கொண்ட கழுத்தும்: தக்கலைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உன் கேள்வி மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் சுருக்கிச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். நீ தக்கலையில் இருந்து கேர் ஹோம் (பராமரிப்பு இல்லம்) வேலைக்கு இங்கிலாந்து வந்து சில மாதம்தான் ஆகிறது. கூட வேலை பார்க்கும் மார்த்தாண்டத்து அண்ணன் காரில் டியூட்டிக்குப் போகும்போது, சிக்னலில் நின்ற வண்டியைப் பின்னால் வந்தவர் இடித்துவிட்டார். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை, மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. நஷ்டஈடு கேட்டு கிளெய்ம் போட்டால் விசா போய்விடுமா, அண்ணனுக்குத் தொந்தரவாகுமா, "ஆயிரக்கணக்கில் வாங்கித் தருகிறோம்" என்று போன் செய்கிறவர்களை நம்பலாமா என்று கேட்டிருக்கிறாய்.

விசா பயத்தை விடு. இது இடித்தவரின் இன்சூரன்ஸ் கம்பெனி தரும் நஷ்டஈடு, அரசாங்க உதவித்தொகை அல்ல. அரசாங்க உதவித்தொகை வாங்கக்கூடாது என்று விசாவில் போட்டிருக்கும் "பப்ளிக் ஃபண்ட்ஸ் கூடாது" என்ற நிபந்தனை இதற்குப் பொருந்தாது. நின்ற வண்டியில் உட்கார்ந்திருந்த உன் மேலும் தவறில்லை, அண்ணன் மேலும் இல்லை. விபத்து நடந்ததை அவர் தன் இன்சூரன்ஸுக்குச் சொல்லிவிட்டால் போதும். ஒன்று மட்டும்: சீட் பெல்ட் போட்டிருந்தாயா? நம்மூர் ஆட்களுக்குப் பின் சீட்டில் பெல்ட் இருப்பதே நினைவுக்கு வராது. போடாததால் காயம் கூடியது என்றால் தொகையில் 25 சதவீதம் வரை பிடித்துவிடுவார்கள்.

இனி பணம். ரொம்ப எதிர்பார்க்காதே. 2021 மே 31 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்தக் கழுத்துக் காயத்துக்கு, அதாவது விப்லாஷுக்கு, அரசே விலைப்பட்டியல் போட்டுவிட்டது. வலி எத்தனை மாதம் நீடிக்கிறது என்பதுதான் கணக்கு. மூன்று மாதத்துக்குள் சரியானால் 240 பவுண்டு, ஒன்றரை முதல் இரண்டு வருடம் வரை இழுத்தால் 4,215 பவுண்டு என்று தொடங்கினார்கள். 2025 மே 31 முதல் நடந்த விபத்துகளுக்குச் சுமார் 15 சதவீதம் கூட்டியிருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்தில் வலி போய்விடும், அப்போது கையில் வருவது சில நூறு பவுண்டுதான். போனில் ஆயிரக்கணக்கில் என்கிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். நீ கேட்காமல் அப்படி அழைப்பதே சட்டப்படி தடை, போனை வைத்துவிடு. (ஸ்காட்லாந்தில் இந்தப் பட்டியல் கிடையாது.)

நாகர்கோவிலில் ஆக்சிடென்ட் கேஸ் என்றால் எஃப்.ஐ.ஆர்., வக்கீல், ட்ரிப்யூனல் என்று அலைய வேண்டும். இங்கே 'அஃபிஷியல் இன்ஜுரி கிளெய்ம்' என்ற ஆன்லைன் வசதி இருக்கிறது, வக்கீல் இல்லாமல் நீயே போடலாம், கட்டணமும் இல்லை. வக்கீல் வைத்தால் அவர் ஃபீஸை எதிர்த்தரப்பிடம் வாங்க முடியாது, உனக்கு வரும் தொகையில் இருந்துதான் போகும். இடித்த வண்டியின் நம்பர், விபத்து நடந்த இடம், நேரம் எல்லாம் வேண்டும். தவறு யாருடையது என்று பதில் சொல்ல இடித்தவரின் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 30 வேலை நாள் அவகாசம். ஒப்புக்கொண்டால் மருத்துவ அறிக்கைக்கும் அவர்களே செலவு செய்வார்கள். அந்த அறிக்கை வராமல் "இவ்வளவு வாங்கிக்கொள்" என்று பேரம் பேசவே கம்பெனிக்கு அனுமதியில்லை. அவசரமும் வேண்டாம், பொதுவாக மூன்று வருடம் வரை நேரம் உண்டு.

ஆனால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே. அறிக்கை எழுதுகிறவர் உன் ஜிபி (குடும்ப டாக்டர்) பதிவில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். நம் ஆட்கள் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு டபுள் ஷிஃப்ட் பார்த்துவிட்டு, பிறகு "நாலு மாதம் வலித்தது" என்றால் காட்டுவதற்கு ஒரு வரிகூட இருக்காது. கை மரத்துப்போனாலோ பலம் குறைந்தாலோ நடை தடுமாறினாலோ அது வெறும் பிடிப்பு அல்ல, நேரே ஏ அண்ட் இ, அதாவது ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போ. மற்றபடி சந்தேகம் என்றால் 111 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழை.

வீட்டில் அம்மா "லீவு போட்டு வா, ஆசானிடம் காட்டித் தடவிவிடலாம்" என்று சொல்லியிருப்பார்கள், தெரியும். நம் மாவட்டத்து வர்ம ஆசான்கள் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அடிபட்ட புதிதில், நரம்பில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லும் முன் யாரும் கழுத்தைத் திருகவோ சொடுக்கவோ விடாதே. காலர் மாட்டிக்கொண்டு அசையாமல் கிடப்பதும் இப்போது சொல்லும் வைத்தியம் அல்ல. வலி பொறுக்கும் அளவுக்குக் கழுத்தை மெல்ல அசைத்துக்கொண்டே இரு.

யாராவது "ஆறு மாதம் வலி என்று சொல்லு மக்கா, யார் பார்க்கப் போகிறார்கள்" என்பார்கள். காதில் வாங்காதே. அடிப்படையில் நேர்மையில்லாத கிளெய்ம் என்று கோர்ட் கண்டால், உண்மையான காயத்துக்கான பணமும் சேர்ந்து போகலாம், செலவும் உன் தலையில் விழலாம். அது குற்ற வழக்காக மாறினால், நீ இப்போது பயப்படுகிற விசா பிரச்சினை அப்போதுதான் நிஜமாகும்.

கேர் வேலையில் ஆளைத் தூக்கிப் படுக்க வைக்க வேண்டுமே, இந்தக் கழுத்தோடு முடியாது. மேனேஜரிடம் எழுத்திலேயே சொல்லிவிடு. இழந்த ஷிஃப்டுக்கான சம்பளத்தை அந்தப் பட்டியல் தொகைக்கு மேல் தனியாகக் கேட்கலாம், பலருக்கு அதுவே பெரிய தொகையாக வரும். விபத்துக்கு முந்தைய பேஸ்லிப் (சம்பளச் சீட்டு), ரோட்டா (ஷிஃப்ட் அட்டவணை), டாக்ஸி ரசீது எல்லாவற்றையும் இன்றைக்கே போட்டோ எடுத்து வை.