வயதானவர்களுக்குப் புற்றுநோய் ஆபரேஷன்: சிஸ்டரிடம் கேளுங்கள்

புதுச்சேரியில் புற்றுநோய் வார்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர் பதில் சொல்கிறார்.

கடலூர் முதுநகர்: சிஸ்டர், அப்பாவுக்கு 79. பெருங்குடல்ல கட்டி. டாக்டர் ஆபரேஷன்தான்ங்கிறார். சித்தப்பா, "இந்த வயசுல எதுக்கு அறுக்கணும்"ங்கிறார்.

தம்பி, 79ங்கிற எண்ணை மட்டும் வெச்சு முடிவெடுக்காதீங்க. தானா குளிக்கிறாரா, கடைக்குப் போய் வர்றாரா, வேட்டி இடுப்புல நிக்காத அளவுக்கு மெலிஞ்சுட்டாரா, அதைப் பாருங்க. நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்க. 20 விநாடி தாண்டினா டாக்டர்கிட்ட அவசியம் சொல்லணும். அதுக்காக ஆபரேஷனே கூடாதுன்னு இல்லை. முட்டை, பயறு, தினசரி நடை, மூச்சுப் பயிற்சின்னு உடம்பைத் தேத்திக்கிட்டுப் போகணும். பீடி இருந்தா இன்னிக்கே நிறுத்துங்க.

சித்தப்பாகிட்ட இதையும் சொல்லுங்க: கட்டியை அப்படியே விட்டா குடல் அடைச்சுக்கலாம். வயிறு உப்பி, வாந்தியோட ராத்திரியில தூக்கிட்டு ஓடிச் செய்யற அவசர ஆபரேஷன்லதான் ஆபத்து ரொம்ப அதிகம். மலம் வெளியேற வயித்துல பை வைக்க வேண்டியிருக்குமா, எத்தனை நாளைக்கு, வீட்டுல யார் அதை மாத்துவாங்கன்னு இப்பவே கேட்டுக்குங்க. இன்னொரு டாக்டர் கருத்து வேணும்னா புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியோட மண்டலப் புற்றுநோய் மையத்துல காட்டலாம். ஸ்கேன் சிடியையும் பயாப்சி (சதைப் பரிசோதனை) ஸ்லைடையும் கையோட கொண்டு போங்க.

பண்ருட்டி: கத்தி பட்டா பரவிடும்ங்கிறாங்களே?

இல்லைங்க. சிலருக்கு ஏற்கெனவே பரவியிருந்தது திறந்து பார்க்கும்போதுதான் தெரியவரும். பேச்சு அப்படிக் கிளம்பினதுதான்.

வில்லியனூர்: அம்மாவுக்கு 84, மார்புல கட்டி, இதயமும் பலவீனம். மாத்திரை போதுமா?

பயாப்சியில ஈஆர் பாசிட்டிவ்னா, அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால வளர்ற கட்டின்னா, லெட்ரோசோல் மாதிரி ஹார்மோன் மாத்திரை கட்டியை நல்லாவே அடக்கி வைக்கும். ஆனா மார்பக ஆபரேஷன் வயித்தைத் திறக்கிற அளவுக்கு உடம்பை வாட்டாது. மயக்க மருந்து டாக்டரையும் இதய டாக்டரையும் கேட்காம "தாங்க மாட்டாங்க"ன்னு நீங்களே முடிவு கட்டிடாதீங்க. ரத்தம் உறையாம இருக்கச் சாப்பிடுற மாத்திரையை நீங்களா நிறுத்தவும் கூடாது.

நெல்லித்தோப்பு: தாத்தாகிட்ட கேன்சர்னு சொல்லலை. கையெழுத்தை நாங்களே போட்டுடலாமா?

வேண்டாம்மா. நினைவு தெளிவா இருக்கிறவர், அவர் உடம்பு. நாம மறைச்சாலும் நம்ம முகத்தைப் பார்த்தே புரிஞ்சுக்குவாங்க, கேட்க ஆளில்லாம தனியா பயந்துகிட்டுக் கிடப்பாங்க. பக்கத்துல உட்கார்ந்து, "என்ன நோய்னு தெரிஞ்சுக்கணுமா தாத்தா"ன்னு கேளுங்க. அவர் தலையாட்டினா டாக்டரை விட்டே சொல்லச் சொல்லுங்க. ஆபரேஷன் வேண்டாம், வலியில்லாம வீட்டுல இருந்தா போதும்னு சொன்னா அதுக்கும் வைத்தியம் இருக்கு. வலிக்கு மார்ஃபின் மாத்திரை தர்ற வலி நிவாரணப் பிரிவு எங்கேன்னு அந்த டாக்டர்கிட்டயே கேளுங்க.