வில்லியம் பெல் இத்தனை ஆண்டுகள் எப்படி நிலைத்தார்?

அமெரிக்க இசைப்பதிவு நிறுவனமான ஸ்டாக்ஸின் சோல் (கறுப்பின அமெரிக்கரின் உணர்ச்சிமிகு இசை வகை) பாடகர் வில்லியம் பெல், அதே நிறுவனத்தின் சோல் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் அளவுக்கு ஏன் புகழ் பெறவில்லை, ஆயினும் இவ்வளவு காலம் எப்படி நிலைத்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதிக்குக் காரணம் பெரும்பாலும் காலத்தின் கோலம்தான். 1939இல் மெம்பிஸில் பிறந்த பெல், 1961இல் தாமே எழுதிப் பாடிய ‘யூ டோன்ட் மிஸ் யுவர் வாட்டர்’ பாடலால் அந்நிறுவனத்தின் தொடக்ககால வெற்றிகளில் ஒன்றைத் தந்தார். ஆனால் பெயர் பரவத் தொடங்கிய வேளையில் ராணுவப் பணிக்குச் செல்ல நேர்ந்ததால், ரெட்டிங் உயர்ந்த அதே ஆண்டுகளில் இவரது வளர்ச்சி தடைப்பட்டது. 1967 டிசம்பரில் ரெட்டிங் விமான விபத்தில் இறந்தபின், அவருக்கு அஞ்சலிப் பாடல் எழுதிப் பாடியவர்களில் பெல்லும் ஒருவர்.

அவரைக் காப்பாற்றியது குரலைவிடப் பேனா என்பது என் கருத்து. ஸ்டாக்ஸ் இசைக்கலைஞர் புக்கர் டி. ஜோன்ஸுடன் சேர்ந்து எழுதிய ‘பார்ன் அண்டர் எ பேட் சைன்’ பாடலை 1967இல் ஆல்பர்ட் கிங் பாட, மறு ஆண்டே கிரீம் என்ற ஆங்கிலேய ராக் குழுவும் பதிவு செய்தது. அதே இருவர் எழுதி 1968இல் பெல் பாடிய ‘ஐ ஃபர்காட் டு பி யுவர் லவ்வர்’, 1986இல் பில்லி ஐடலின் குரலில் வேறு தலைப்புடன் மீண்டும் வெற்றி பெற்றது. பிறர் பாடினாலும் எழுதியவருக்குரிய பங்கு வருமல்லவா! ஸ்டாக்ஸ் 1975இல் நொடித்துப் போனது. பெல்லோ 1977இல் வேறு நிறுவனத்தில் பாடிய ‘டிரையின் டு லவ் டூ’ மூலம் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ் என்ற இசை வகை) வெற்றிப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தார். புத்துயிர் பெற்ற ஸ்டாக்ஸில் 2016இல் அவர் வெளியிட்ட ‘திஸ் இஸ் வேர் ஐ லிவ்’ தொகுப்பு, வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும் பாடல்களைக் கொண்டது. அதற்காகவே, 77 வயதில், கிராமி விருது பெற்றார்.