பிரசாரச் சந்திப்புக்குப் போகலாம், பணம் கொடுக்கலாமா?

கேள்வி: நான் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் எச்-1பி விசாவில் மென்பொருள் பொறியாளராகப் பணிபுரிகிறேன். நாடாளுமன்றத் தேர்தல் வேட்பாளர் ஒருவருக்காக, வேலை பார்க்கும் இளைஞர்களைத் திரட்டி நடத்தப்படும் மாலைச் சந்திப்புக்கு அலுவலக நண்பர் அழைக்கிறார். நுழைவுச் சீட்டு 50 டாலர், சிற்றுண்டி உண்டு. அமெரிக்கக் குடிமகனான அவர், “சீட்டை என் பெயரிலேயே வாங்கிவிடுகிறேன், பணத்தைப் பிறகு கொடு” என்கிறார். போகலாமா? – வாசகர், எடிசன்

பதில்: போகலாம். ஆனால் நண்பர் சொல்லும் வழியில் போகக் கூடாது. அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார் என்றாலும், அந்த யோசனையில் ஒன்றல்ல, இரண்டு விதிமீறல்கள் இருக்கின்றன.

அமெரிக்கக் குடியுரிமையோ, கிரீன் கார்டு எனப்படும் நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர்கள் அந்நாட்டின் எந்தத் தேர்தலுக்கும், அது அதிபர் தேர்தலானாலும் நகர்மன்றத் தேர்தலானாலும், ஒரு டாலர்கூட நன்கொடை தரக் கூடாது. நீங்கள் அங்கே வரி கட்டுகிறீர்கள் என்பதோ, பத்தாண்டுகளாக வசிக்கிறீர்கள் என்பதோ இதில் கணக்கில் வராது. வேட்பாளரின் பிரசாரக் குழு விற்கும் நுழைவுச் சீட்டின் விலை முழுவதும் நன்கொடையாகவே கொள்ளப்படும். உணவின் மதிப்பைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் நன்கொடை என்று சொல்ல வழியில்லை. அரங்கின் வாசலில் விற்கும் பனியனுக்கும் தொப்பிக்கும் இதே விதிதான் என்பதைப் பலர் அறிவதில்லை. அடுத்து, ஒருவரின் பணத்தை இன்னொருவர் பெயரில் செலுத்துவது அந்நாட்டுச் சட்டத்தில் தனிக் குற்றம். அதில் நீங்கள் மட்டுமல்ல, பெயரைக் கொடுத்த நண்பரும் சிக்கிக்கொள்வார். அவர் தம் சொந்தப் பணத்தில் சீட்டு வாங்கி, அதை உங்களிடமிருந்து எந்த வடிவிலும் திரும்பப் பெறாமல் உங்களை விருந்தினராக அழைத்துச் செல்வாரானால், அது அவருடைய நன்கொடை. அதில் தடை இல்லை.

இந்தத் தடை நியாயமா என்று கேட்கத் தோன்றும். உங்கள் நிலையிலேயே இருந்த இருவர் அதை நீதிமன்றத்திலேயே கேட்டார்கள். நியூயார்க்கில் தற்காலிக விசாவில் பணியாற்றிய ஓர் இளம் வழக்கறிஞரும் ஒரு பயிற்சி மருத்துவரும், தாங்கள் விரும்பும் வேட்பாளர்களுக்குச் சிறு தொகைகள் தரவும், அதிபர் ஒபாமாவை ஆதரித்துத் துண்டறிக்கை அச்சிட்டு வழங்கவும் அனுமதி கோரினார்கள். 2011-ஆம் ஆண்டு வாஷிங்டனில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மறுத்தது. பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான பிரெட் கவனா அந்தத் தீர்ப்பை எழுதினார். 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒரு நாட்டின் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் வேலை அந்நாட்டு மக்களுக்கே உரியது என்பதே தீர்ப்பின் அடிப்படை. அந்த அடிப்படையை நான் ஏற்கிறேன். ஆயினும், கிரீன் கார்டுக்காக ஆண்டுக்கணக்கில் வரிசையில் காத்திருக்கும் நம் பிள்ளைகளை நினைக்கும்போது மனம் வருந்தாமலும் இல்லை.

பணம் தரத்தான் தடையே தவிர, உழைப்பைத் தரத் தடை இல்லை. ஊதியம் பெறாமல் தொண்டராகப் பணியாற்றலாம், வாக்காளர்களைத் தொலைபேசியில் அழைக்கலாம், வீடு வீடாகச் சென்று பேசலாம், கூட்டத்தில் எழுந்து கேள்வியும் கேட்கலாம். அந்தப் பணிக்குச் சம்பளம் வாங்கினால் விசா விதியை மீறியவராவீர்கள். அதேபோல், பிரசாரக் குழு எதற்குச் செலவழிப்பது, யாரை நியமிப்பது என்ற முடிவுகளில் பங்கேற்கவும் கூடாது.

நான் மிகவும் அஞ்சுவது வேறொன்றுக்கு. இத்தகைய சந்திப்புகளில் வாக்காளர் பதிவுக்கென்று ஒரு மேசை போடப்பட்டிருக்கும். உற்சாகமான தொண்டர் ஒருவர் படிவத்தை நீட்டி, “இங்கே ஒரு கையெழுத்து” என்பார். அதில் ‘நான் அமெரிக்கக் குடிமகன்’ என்ற உறுதிமொழி இருக்கும். குடிமகன் என்று பொய்யாகக் கூறுவோரை நாடு கடத்தவும், நிரந்தர வசிப்புரிமைக்கான கதவைப் பெரும்பாலும் மீள முடியாதபடி அடைத்துவிடவும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. கவனக்குறைவால் கையெழுத்திட்டேன் என்ற விளக்கம் எளிதில் எடுபடாது. ஆகவே அந்த மேசையில் எதிலும் கையெழுத்திடாதீர்கள். பெயரும் மின்னஞ்சலும் மட்டும் கேட்கும் வருகைப் பதிவேட்டில் எழுதுவதில் தவறில்லை. எழுதுமுன் தாளின் தலைப்பைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் மகன், இப்படி ஒரு சந்திப்புக்கு 250 டாலர் கொடுத்ததாகச் சொன்னான். பெயர் இணையத்தில் வந்துவிடும் என்று நண்பர் ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா? – வாசகர், திருச்சி

பதில்: உண்மைதான். ஒரு வேட்பாளருக்கு ஒரே தேர்தல் சுற்றில் ஒருவர் தரும் மொத்தத் தொகை 200 டாலரைத் தாண்டினால், அவருடைய பெயர், ஊர், தொழில், பணிபுரியும் நிறுவனம் ஆகியவற்றைப் பிரசாரக் குழு மத்தியத் தேர்தல் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் அதைப் பார்க்கலாம். ஆக்ட்புளூ, வின்ரெட் போன்ற இணைய நன்கொடைத் தளங்களின் வழியே செலுத்தினால் பத்து டாலரும் அப்படிப் பதிவாகும். யார் பணத்தில் யார் தேர்தலில் நிற்கிறார் என்பதை மக்கள் அறிவதற்காகவே இந்த ஏற்பாடு; நம் நாட்டிலும் இவ்வளவு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அந்தப் பட்டியலிலிருந்து நன்கொடையாளரின் பெயரை எடுத்துப் பொருள் விற்கவோ வேறு நன்கொடை கேட்கவோ பயன்படுத்துவதைச் சட்டம் தடுத்திருக்கிறது. உங்கள் மகன் தவறேதும் செய்யவில்லை. ஆனால் அவருடைய மேலதிகாரி தேடினால் அந்தப் பெயர் கிடைக்கும் என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவையுங்கள்.