வாயால் வரும் தடை

ஐயா, வணக்கம்.

திருகோணமலையில் காணிப் பிரச்சினை பற்றிக் கலந்துரையாட ஒரு கூட்டம் ஒழுங்கு செய்திருந்தோம். மண்டபத்துக்குள்தான், நாற்பது பேர் மட்டில். முதல்நாள் பின்னேரம் பொலிஸ் என்று சொல்லி ஒருவர் தொலைபேசியில் கதைத்தார். அனுமதி எடுத்தீர்களா, யார் யார் வருகிறார்கள், பெயர்ப்பட்டியலை அனுப்புங்கள் என்றார். கொஞ்ச நேரத்தில் மண்டபக்காரர் முற்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார். "எனக்கும் கோல் வந்தது, விட்டிடுங்கோ" என்றார். இது நடந்து ஒன்பது நாளாகிறது. யாரையும் பிடிக்கவில்லை, அடிக்கவில்லை. தேர்தல் நடக்கிற நாட்டில் இதைப்போய் உரிமை மீறல் என்பதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உங்கள் கருத்து என்ன? ஏதாவது செய்ய முடியுமா?

ஒரு வாசகர், திருகோணமலை

அன்புள்ள நண்பருக்கு,

உரிமை மீறல்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. பேசுவதும் அமைதியாகக் கூடுவதும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் உரிமைகள். அவற்றைக் கட்டுப்படுத்துவதென்றால் சட்டத்தால்தான் கட்டுப்படுத்தலாம் என்கிறது 15ஆம் உறுப்புரை. பெயர் சொல்லாத ஒருவரின் தொலைபேசி அழைப்பு சட்டமாகாது.

தேர்தல் நடக்கிற நாட்டில் உரிமைக்கு வரும் பெரிய ஆபத்தே இந்த வாய்மொழித் தடைதான் என்று நினைக்கிறேன். எழுத்தில் தடை வந்தால் அதில் கையொப்பமும் திகதியும் இருக்கும், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்பதும் இருக்கும். அதைக் கொண்டு நீதிமன்றம் போகலாம். வாயால் சொன்னதை நாளைக்கு "நாங்கள் சொல்லவேயில்லை" என்று முடித்துவிடலாம். ஆகவே நீங்கள் செய்யவேண்டிய முதல் வேலை, நடந்ததைக் கடதாசிக்குக் கொண்டுவருவது.

அனுமதி என்ற பேச்சை முதலில் தீர்த்துக்கொள்வோம். பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவு பொது இடத்தில் போகும் ஊர்வலத்தைப் பற்றியது. அதற்கும் அது கேட்பது அனுமதியை அல்ல, ஆறு மணித்தியாலத்துக்கு முன்னர் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஓர் அறிவித்தலை. ஊர்வலத்தைத் தடுக்கும் அதிகாரமும் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவருக்கே உண்டு. நான்கு சுவருக்குள் நடக்கும் கலந்துரையாடலுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. வருவோரின் பட்டியலைக் கொடுக்கவேண்டிய கடமையும் அதில் இல்லை. நினைவேந்தல்களுக்கு எதிராகக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவின் கீழ் நீதவானிடம் தடையுத்தரவு எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது எழுத்தில் வரும். சாதாரணமாகப் பதினான்கு நாளுக்கு மேல் நிற்காது. மாற்றவோ நீக்கவோ கேட்டு அதே நீதிமன்றத்துக்குப் போகலாம். உங்களுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை.

இனிச் செய்யவேண்டியது. அழைப்பு வந்த திகதி, நேரம், இலக்கம், பேசியவர் சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் நினைவு மங்குமுன் எழுதிவையுங்கள். தொலைபேசியில் அழைப்புப் பதிவை அழிக்காமல் படமெடுத்து வையுங்கள். பிறகு பொறுப்பதிகாரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: இன்ன நாள் இன்ன இலக்கத்திலிருந்து இப்படி ஓர் அழைப்பு வந்தது, அது உங்கள் நிலையத்திலிருந்து வந்ததா, எந்தச் சட்டத்தின் கீழ்? கோபமான ஒரு வரிகூட வேண்டாம். தபால் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள். பதில் வராவிட்டாலும், கேட்டதற்கு அந்தச் சீட்டு சாட்சி.

கூடவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கூட்டத்துக்கு வருவோரின் பெயரைத் திரட்டச் சொல்லும் சுற்றறிக்கை அல்லது பணிப்புரையின் பிரதியைக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்லவேண்டும். தேசிய பாதுகாப்பு என்று மறுத்தால் பதினான்கு நாளுக்குள் உள்ளக மேன்முறையீடு, அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு. "ஏன் அழைத்தீர்கள்" என்று கேட்காதீர்கள். அது விளக்கம் கேட்பது, ஆவணம் கேட்பதல்ல. பல விண்ணப்பங்கள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

ஆனால் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தால் வழக்குப் போய்விடும். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் அவகாசம். ஒன்பது நாள் ஏற்கெனவே போய்விட்டது. கொழும்புச் சட்டத்தரணி, செலவு, மொழிபெயர்ப்பு என்று பார்க்கும்போது திருகோணமலையில் இருப்பவருக்கு ஒரு மாதம் என்பது கொடுமையான அளவு. அது மாறவேண்டிய விதி. மாறும்வரைக்கும் உள்ள வழி 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டம். ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது என்கிறது அதன் 13ஆம் பிரிவு. திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. இந்தக் கிழமையே போங்கள். முறைப்பாட்டு இலக்கத்தோடு திரும்பி வந்து சும்மா இருந்துவிடாதீர்கள். முறையிட்டது மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததைக் காட்டு என்று நீதிமன்றம் கேட்டிருக்கிறது. ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். ஒன்றும் வராவிட்டால் நீங்களே எழுதிக் கேளுங்கள்.

பொலிஸில் முறைப்பாடு எழுதப் போனால் ஒன்று கவனம். தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி "இதில் சைன் வையுங்கோ" என்பார்கள். சொன்ன மொழியிலேயே பதியவேண்டும், அதை வாசித்தும் காட்டவேண்டும் என்பது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு. தமிழில் எழுத அங்கே ஆளில்லையென்றால், நீங்களே தமிழில் எழுதித் தரும்படி அதிகாரி கேட்கவேண்டும். எழுதிக் கொண்டுபோங்கள், ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் கையொப்பம் வைக்கவேண்டாம்.

கடதாசிக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்பது திருகோணமலைக்காரருக்குத் தெரியாததல்ல. 2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் கொண்டுபோன குண்டே வெடித்தது என்றது படைத்தரப்பு. துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டி அந்தக் கதையை உடைத்தவை பத்திரிகையாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே ஜனவரி 24 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட பதின்மூன்று பேரையும் 2019 ஜூலையில் நீதிமன்றம் போதிய சாட்சியம் இல்லையென்று விடுவித்தது. தண்டனை வரவில்லை, ஆனால் குண்டுக் கதையும் நிற்கவில்லை. உங்கள் விஷயம் அதோடு ஒப்பிடக்கூடியதல்ல. பதிவு இருந்தால் எது மிஞ்சும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மண்டபக்காரரோடு கோபிக்காதீர்கள். அவர் அரச அதிகாரியல்ல, தனியாள். அவருக்கு எதிராக 126இன் கீழ் போகமுடியாது. போகவும் தேவையில்லை. அழைப்பு அவருக்கும் வந்தது என்பதுதான் உங்களிடமுள்ள பலமான சான்று. இரண்டு வரி எழுதித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். பயந்தால் வற்புறுத்தவேண்டாம். "இன்ன காரணத்தைச் சொல்லி முற்பணத்தைத் திருப்பித் தந்தீர்கள், பெற்றுக்கொண்டேன்" என்று நீங்களே அவருக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.