ஸ்காபரோவில ஸ்ரூடியோ போடப்போற தம்பிக்கு

தம்பி, யாழ்ப்பாணத்தில றெக்கோடிங் செய்த கையோட இஞ்ச கனடாவுக்கு வந்திருக்கிறீர், பேஸ்மென்ரில எங்கட கலைஞர்மாருக்கெண்டு ஒரு ஸ்ரூடியோ போடலாமோ, முதல்ல என்ன மைக் வாங்கிறது எண்டு கேட்டிருக்கிறீர். போடலாம், ஆனா மைக்கைக் கடைசியா யோசியும். நல்ல மைக் உள்ள ஸ்ரூடியோ இஞ்ச கனக்க இருக்கு, எங்கட ஆக்கள் அங்க போய் ஏன் அலுத்துப்போய் வருகினம் எண்டதைத்தான் பாக்கவேணும்.

பாடுற ஆளை ஒரு கண்ணாடி அறைக்குள்ளயும் மிருதங்கத்தை இன்னொரு அறைக்குள்ளயும் விட்டா கோர்வை (முடிவுக்கு வாசிக்கிற தாளக் கோவை) முடிஞ்சு பல்லவி எடுக்கிற இடத்தை எப்பிடிப் பிடிக்கிறது? கையில போடுற தாளம் கண்ணில தெரியவேணும். அதால ஒரே அறை, நிலத்தில தடிச்ச கம்பளம், உயரம் குறைஞ்ச மைக் ஸ்ராண்ட், ஆக்களுக்கு இடையில, இருந்தா முகம் தெரியிற உயரத்துக்கு, சத்தத்தை உறிஞ்சிற ரொக்வூல் அடைச்ச தட்டி, அவ்வளவு காணும். ஒரு மைக்கில மற்றதின்ர சத்தம் கொஞ்சம் கலக்கும்தான், கலக்கட்டும். ஹெட்போனில தங்கட குரல் 10 மில்லிசெக்கனுக்கு மேல பிந்திக் கேட்டா பாடுறவைக்கு அந்தரமா இருக்கும், அதைப் பாரும். அவை சொல்லுற கட்டையில (சுருதி அளவில) சுருதியைப் போட்டுவிடும், தாளத்துக்கு ஹெட்போனில டிக் டிக் எண்டு அடிக்கிற கிளிக்கைத் திணிக்காதையும்.

வின்ரரில ஹீற்றர் ஓடேக்க காத்து காஞ்சு மிருதங்கத் தோல் இழுபட்டு சுருதி ஏறீடும். ஹியூமிடிபையர் வச்சு ஈரப்பதனை 40, 50 வீதத்தில வச்சிரும். குளிருக்குள்ளால வாற வாத்தியத்தை உடன எடுக்கவிடாமல் ஒரு அரை மணித்தியாலம் அறைக்குள்ள கிடக்க விடும், அந்த நேரத்துக்குக் காசு எழுதாதையும் (தேத்தண்ணி குடுத்தா இன்னும் நல்லம்).

எங்கட ஆக்கள் பகல் வேலை, பின்னேரம் பிள்ளையளுக்கு வகுப்பு, இரவில்தான் ஓய்வு. இரவு திறக்க ஏலாட்டி இந்தத் தொழிலுக்கு வரவேண்டாம். மணிக்கணக்கில வாங்கினா பாடுறவர் மணிக்கூட்டைத்தான் பாப்பார், பாட்டுக்கு இவ்வளவு எண்டு பேசும். குரல், வாத்தியம் எண்டு தனித்தனியாப் பதிஞ்ச ட்ராக்கைக் கேட்டா மறுகதை இல்லாமல் குடும், அது அவையின்ர உழைப்பு.

இனி இடம். குரல், வீணைக்குப் பேஸ்மென்ற் காணும். தவில், நாதஸ்வரம் சரிவராது, இணுவில், அளவெட்டிப் பக்கத்து மேளம் எவ்வளவு தூரம் கேக்கும் எண்டு உமக்குத் தெரியும்தானே, இஞ்ச பக்கத்து வீட்டுக்காரர் பொலிசுக்கு அடிப்பினம். சுவரில பஞ்சு ஒட்டினா சத்தம் நிக்கும் எண்டு ஆரும் சொன்னா நம்பாதையும், அது உள்ளுக்க எதிரொலியைத்தான் குறைக்கும், வெளிய போறதை மறிக்க பாரமான சுவரும் ஓட்டையில்லாத கதவும் வேணும். அதுக்கு வாடகைக்கு எடுக்கிற பக்ரரி யூனிற்றுகள்தான் சரி. கையெழுத்து வைக்க முதல் ஒரு தவில்காரரைக் கூட்டிக்கொண்டுபோய் உள்ளுக்க வாசிக்கவிட்டு, அங்கால யூனிற்றில நிண்டு கேட்டுப்பாரும்.